சூரியன் எந்தப் பக்கம்?

2022 செப்டம்பர் 29 அன்று எடுத்த படங்களால் யூரோப்பாவின் வரைபடத்தில் ஒரு பள்ளம் குறைந்துபோனது.

வியாழனைச் சுற்றிவரும் ஜூனோ விண்கலம் அன்று யூரோப்பா நிலவின் மேலே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் உயரத்தில் பறந்து சென்றது. கிடைத்த படங்கள் சிலவே. அவற்றை ஆராய்ந்தவர்கள் ‘க்வெர்ன்’ என்ற பள்ளம் இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்தார்கள். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் அகலம், விண்ணிலிருந்து விழுந்த ஏதோவொன்று மோதி உண்டானது, கெல்ட்டியப் புராணத்துப் பாத்திரம் ஒன்றின் பெயர் சூட்டப்பட்டது என்றெல்லாம் பதிவாகியிருந்த இடம் அது. புதிய படத்தில் அங்கே பள்ளமே இல்லை. நீண்ட பனி முகடுகள் சில ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. சாய்ந்த வெயிலில் அவற்றின் நிழல்கள் ஒன்றுகூடி ஒரு முட்டை வடிவத்தை உண்டாக்கியிருந்தன. அந்த நிழலுக்குத்தான் பெயர் வைக்கப்பட்டிருந்தது.

இதை யாருடைய கவனக்குறைவு என்றும் சொல்ல முடியாது. யூரோப்பாவில் எந்தக் கலமும் இறங்கியதில்லை. அதை மட்டும் வட்டமிட்டுச் சுற்றிய கலமும் இதுவரை இல்லை. நம்மிடம் இருக்கும் வரைபடம் முழுவதும், வியாழனைக் கடந்துபோன கலங்களும் வியாழனைச் சுற்றிய கலங்களும் போகிற போக்கில் எடுத்த படங்களால் ஆனது. அப்படி ஒரு படம் கைக்கு வந்ததும் வரைபவர் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. சூரியன் எந்தப் பக்கம் இருந்தது? ஒரு பிக்சலுக்குள் எத்தனை மீட்டர் நிலம் அடங்கியிருக்கிறது? யூரோப்பாவைப் பற்றிப் பாடநூல்கள் உறுதியாகச் சொல்லும் பல செய்திகள் இந்த இரண்டு கேள்விகளின் விடைகளோடு பிணைந்தே நிற்கின்றன. விடைகளை மறைத்துவிட்டு வரைபடத்தை மட்டும் காட்டுவது வாசகருக்குச் செய்யும் அநீதி என்று நினைக்கிறேன்.

யூரோப்பாவின் விட்டம் ஏறத்தாழ 3,120 கிலோமீட்டர். நம் சந்திரனைவிடச் சற்றே சிறியது. வியாழனிலிருந்து சுமார் 6,71,000 கிலோமீட்டர் தொலைவில் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு மூன்றரை நாளுக்குச் சற்றுக் கூடுதலாக, அதாவது 85 மணி நேரம் ஆகிறது. மேலே பனிக்கட்டியால் ஆன ஓடு. அதன் கீழே உப்புநீர்க் கடல் இருப்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. 1610-இல் கலிலியோ கலிலி இதைக் கண்டபோது ஒரு ஒளிப்புள்ளி மட்டுமே தெரிந்தது. அதன்பின் மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேல் அது ஒளிப்புள்ளியாகவோ, மிகப் பெரிய தொலைநோக்கியில்கூட மங்கிய சிறு வட்டமாகவோதான் இருந்தது.

1979 மார்ச்சில் வாயேஜர் 1 விண்கலம் ஏழு லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து பார்த்தது. வெண்மையான உருண்டை, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பழுப்புக் கோடுகள். அதே ஆண்டு ஜூலை 9-இல் வாயேஜர் 2 சுமார் 2,06,000 கிலோமீட்டர் வரை நெருங்கியது. அதன் நல்ல படங்களில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். மோதல் பள்ளங்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே தென்பட்டன. சூரிய மண்டலத்தில் திடமான பரப்புள்ள எதன்மீதும் விண்கற்கள் ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின் தழும்புகள் இல்லையென்றால் ஏதோவொன்று அவற்றை அழித்திருக்கிறது, அதுவும் அண்மையில் அழித்திருக்கிறது என்று பொருள். யூரோப்பாவின் பரப்பு இன்று 4 கோடி முதல் 9 கோடி ஆண்டு வயது கொண்டதாக மதிப்பிடப்படுகிறது. 450 கோடி ஆண்டு வயதான ஒரு நிலவுக்கு இது நேற்றைய தோல்.

வாயேஜரின் கேமரா பழைய தொலைக்காட்சிக் கேமரா வகையைச் சேர்ந்தது. ஒளி ஒரு தகட்டில் மின்னூட்டமாகப் பதியும். மின்னணுக் கற்றை ஒன்று அதை வரிவரியாக வருடிப் படிக்கும். கற்றை கொஞ்சம் வளைந்தாலும் படம் கோணிவிடும். அதனால் கண்ணாடியிலேயே சிறு கறுப்புப் புள்ளிகளைத் துல்லியமாக அளந்து பதித்திருந்தார்கள். படத்தில் அந்தப் புள்ளிகள் எங்கே நகர்ந்திருக்கின்றன என்று பார்த்து, கோணலை நிமிர்த்துவது வழக்கம். வாயேஜர் படங்களில் வரிசையாகத் தெரியும் கறுப்புப் புள்ளிகள் படத்தின் குறை அல்ல, அளவுகோல்.

உண்மையான வரைபட வேலை கலிலியோ விண்கலத்தோடு தொடங்கியது. அதன் கதை தெரியாமல் இன்றைய யூரோப்பா வரைபடம் ஏன் இப்படி இருக்கிறது என்பது புரியாது.

1989 அக்டோபரில் கிளம்பிய கலிலியோவில், குடைபோல் மடித்துவைத்த 4.8 மீட்டர் ஆன்டெனா ஒன்று இருந்தது. 1991 ஏப்ரலில் அதை விரிக்கச் சொன்னபோது அது முழுதாக விரியவில்லை. சில கம்பிகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. சேலஞ்சர் விண்வெளி ஓட விபத்தால் ஏவுதல் தள்ளிப்போன ஆண்டுகளில் கலத்தை அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு லாரியில் கொண்டுபோய்க் கொண்டுவந்தபோது மசகுப் பூச்சு தேய்ந்துபோயிருக்கலாம் என்பது விசாரணையில் சொல்லப்பட்ட காரணம். ஆன்டெனாவை வெயிலில் சூடாக்கினார்கள், நிழலில் குளிரவிட்டார்கள், மோட்டாரை ஆயிரக்கணக்கான முறை தட்டிப் பார்த்தார்கள். விரியவே இல்லை.

மிஞ்சியது சிறு ஆன்டெனா. நொடிக்கு 1,34,000 பிட் அனுப்பவேண்டிய கலத்தால், நல்ல நேரத்திலேயே நொடிக்கு 160 பிட் வரைதான் அனுப்ப முடிந்தது. இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கலிலியோ கேமராவின் ஒரு படம் 800-க்கு 800 பிக்சல். பிக்சலுக்கு 8 பிட். மொத்தம் 51 லட்சத்து 20 ஆயிரம் பிட். திட்டமிட்ட வேகத்தில் 40 நொடிக்குள் பூமிக்கு வந்திருக்கும். நொடிக்கு 100 பிட் என்றால் 14 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே ஒரு படத்துக்கு.

கலத்தில் இருந்த கணினிக்குப் புதிய மென்பொருள் ஏற்றிப் படங்களைச் சுருக்கி அனுப்ப வைத்தார்கள். நெருங்கிப் பறக்கும்போது நாடாவில் பதிந்துகொண்டு, பிறகு வாரக்கணக்கில் சொட்டுச்சொட்டாக அனுப்பச் செய்தார்கள். அந்த நாடாக் கருவியும் 1995 அக்டோபரில் ஒருமுறை சிக்கிக்கொண்டது. அதைக் காப்பாற்றுவதற்காக, டிசம்பரில் வியாழனை அடைந்த அன்று எடுக்கவிருந்த யூரோப்பா படங்களையும், ‘ஐயோ’ என்ற இன்னொரு நிலவின் படங்களையும் கைவிட்டார்கள். அந்த முடிவை எடுத்தவர்களின் மனநிலையை என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஆறு ஆண்டு பயணம் முடிந்து இலக்கு கண்ணெதிரே நிற்கும்போது கேமராவை மூடி வைப்பது எளிய செயல் அல்ல. அந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால், பிறகு வந்த படங்களில் பல வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

இந்தப் பஞ்சம்தான் வரைபடத்தின் முகத்தைத் தீர்மானித்தது. எல்லா இடத்தையும் நுணுக்கமாகப் படமெடுப்பது முடியாத காரியம். எனவே தேர்ந்தெடுக்க வேண்டும். சில இடங்களுக்கு ஒரு பிக்சல் 20, 30 மீட்டர் என்ற அளவில் ஒரு கைப்பிடிப் படங்கள். 1997 டிசம்பர் 16-இல் சுமார் 200 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தபோது எடுத்த மிக நுணுக்கமான படத்தில் பிக்சலுக்கு 6 மீட்டர். இன்னொரு பக்கம், வடக்கிலிருந்து தெற்குவரை நீளும் பட்டைகளாக, பிக்சலுக்கு ஏறத்தாழ 230 மீட்டர் அளவில் சில தொடர்கள். மீதியெல்லாம் தொலைவிலிருந்து எடுத்தவை. சில பகுதிகளில் ஒரு பிக்சல் 10 கிலோமீட்டரையும் தாண்டுகிறது.

அமெரிக்க நிலவியல் ஆய்வகம் 2002-இல் வெளியிட்ட யூரோப்பாவின் உலகப் படத்தைப் பார்த்தால் இது கண்ணில் அறையும். நூலிழை போன்ற கோடுகள் ஆயிரக்கணக்கில் ஓடிவந்து, ஓரிடத்தில் கத்தியால் வெட்டியதுபோல நின்று, அப்பால் மொத்தமும் மங்கலாகிவிடுகிறது. அது நிலத்தின் எல்லை அன்று, கலிலியோ பறந்த பாதையின் எல்லை. முதல்முறை பார்ப்பவர் அங்கே ஏதோ சமவெளி இருப்பதாக நினைப்பது இயல்பு.

சரி, படங்கள் வந்துவிட்டன. அவற்றை எங்கே ஒட்டுவது?

படம் எடுத்த நொடியில் கலம் எங்கே இருந்தது என்பது வானொலி அலைகளைக் கொண்டு செய்த கணக்கால் நன்றாகத் தெரியும். கேமரா எந்தத் திசையைப் பார்த்தது என்பது அவ்வளவு நன்றாகத் தெரியாது. கலிலியோ கேமராவின் ஒரு பிக்சல், ஒரு ரேடியனில் லட்சத்தில் ஒரு பங்கு என்ற மிகச் சிறு கோணம். 20,000 கிலோமீட்டர் தொலைவில் அது நிலத்தில் 200 மீட்டர். கேமராவின் திசை ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு தவறினாலே, அதே தொலைவில், படம் 17 கிலோமீட்டர் தள்ளி விழும். படத்துக்குள் ஒவ்வொன்றும் துல்லியம். ஆனால் படமே இடம் மாறிக் கிடக்கும்.

இதற்கு மருந்து, இரண்டு படங்களில் பொதுவாகத் தெரியும் புள்ளிகள். ஒரு சிறு பள்ளத்தின் நடு, இரண்டு முகடுகள் சந்திக்கும் மூலை, ஒரு கறுப்புப் பொட்டின் கூர்முனை. ஒருவர் திரைமுன் உட்கார்ந்து, இந்தப் படத்தில் இது, அந்தப் படத்தில் அதுவே என்று குறிக்கிறார். பல நூறு புள்ளிகள் சேர்ந்தபின், ஒவ்வொரு படத்தின் கேமராத் திசையையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி, எல்லாப் புள்ளிகளிலும் மிஞ்சும் பிழை மொத்தமாகக் குறையும்படி கணினி ஒரு தீர்வு காண்கிறது. ராண்ட் நிறுவனத்தின் மெர்ட்டன் டேவிஸ் பல பத்தாண்டுகளாகச் செய்தது இதைத்தான். செவ்வாய், புதன், வியாழனின் நிலவுகள், சனியின் நிலவுகள் என்று விண்கலங்கள் போன இடமெல்லாம் முதல் புள்ளி வலையை விரித்தவர் அவர். விண்வெளி ஆய்வின் கதையில் அவர் பெயர் அரிதாகவே அடிபடுகிறது. வரைபடத்தில் ஒரு நகரமோ மலையோ சரியான இடத்தில் இருந்தால் அதை யார் அங்கே வைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை அல்லவா, அதனால் இருக்கலாம்.

இந்த வலைக்கும் எங்காவது ஒரு முளை அடிக்க வேண்டும். பூமிக்குக் கிரீன்விச் போல, யூரோப்பாவுக்குச் சிலிக்ஸ். 15 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பள்ளம் அது. அதன் தீர்க்கரேகை 182 டிகிரி மேற்கு என்று அனைத்துலக வானியல் ஒன்றியம் வரையறுத்திருக்கிறது. மற்ற எல்லா இடங்களின் தீர்க்கரேகையும் அதிலிருந்து எண்ணப்படுகிறது. சுழியம் இருக்கவேண்டிய இடம் வியாழனை நோக்கிய பக்கத்தின் நடு. யூரோப்பா எப்போதும் வியாழனுக்கு ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டிருப்பதால் அப்படி ஒரு நடுவைச் சொல்ல முடிகிறது. வியாழனின் ஈர்ப்பு அந்த முகத்தை நோக்கி நிலவைச் சற்றே இழுத்து நீட்டியும் இருக்கிறது. மிக நீண்ட ஆரத்துக்கும் மிகக் குறுகிய ஆரத்துக்கும் வேறுபாடு ஏறத்தாழ 3 கிலோமீட்டர். புள்ளி வலையும் நிலவின் விளிம்பை அளந்த கணக்கும் சேர்ந்து சொன்ன செய்தி இது.

இனி வெளிச்சம்.

மாலை வெயில் சாயும்போது களத்துமேட்டு மண்ணைப் பார்த்திருக்கிறீர்களா? நடுப்பகலில் வெறும் தட்டையாகத் தெரிந்த தரையில் வண்டித்தடமும் மாட்டுக் குளம்படியும் அப்போதுதான் எழுந்து நிற்கும். யூரோப்பாவிலும் அதேதான் நடக்கிறது. சூரியன் தலைக்கு மேலே இருக்கும்போது எடுத்த படத்தில் நிழல்களே இல்லை, தெரிவதெல்லாம் நிறம். எங்கே வெண்பனி, எங்கே பழுப்பு அழுக்கு என்பது துலங்கும். எது மேடு, எது பள்ளம் என்பது மறைந்துவிடும். சூரியன் தொடுவானத்தை ஒட்டி இருக்கும்போது எடுத்த படத்தில் நிறங்கள் பின்வாங்கும். மேடுபள்ளம் மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். ஒரே இடத்தின் இரண்டு படங்களை அருகருகே வைத்தால் வேறு வேறு ஊர் என்றே தோன்றும்.

நேர்வெயில் படத்தில் இரண்டு பழுப்புக் கோடுகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. அதே இடத்தைச் சாய்வெயிலில் பார்த்தால் இணையாக ஓடும் இரண்டு முகடுகளும் நடுவே ஒரு பள்ளமும் தெரிகின்றன. யூரோப்பாவின் தனி முத்திரை இந்த இரட்டை முகடுகள். உயரம் சில நூறு மீட்டருக்குள். நீளமோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். முதல் படம் மட்டும் கிடைத்த பகுதியில் வரைபவர் ‘கோடு’ என்று குறிக்கிறார். இரண்டாவது கிடைத்த பகுதியில் ‘முகடு’ என்கிறார். வரைபடத்தில் இரண்டும் வேறு வேறு குறியீடுகள். நிலத்தில் இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம்.

நிழலை வைத்து உயரமும் அளக்கலாம். சூரியன் தொடுவானத்திலிருந்து 11 டிகிரி உயரத்தில் இருக்கும்போது ஒரு செங்குத்துப் பாறையின் நிழல் சமதரையில் 500 மீட்டர் நீண்டால், அந்தப் பாறையின் உயரம் ஏறத்தாழ 97 மீட்டர். பள்ளி முக்கோணவியல் போதும். நிழல் விழும் தரை சாய்ந்திருந்தால் கணக்கு பிசகும். அதனால் வெவ்வேறு கோணத்தில் எடுத்த இரண்டு படங்களை இணைத்து இரு கண்ணால் பார்ப்பதுபோல் ஆழம் காண்பது இன்னும் நல்லது. பஞ்ச காலத்துக் கலிலியோ அப்படிப்பட்ட இணைகளைக் கொஞ்சம்தான் தந்தது.

இந்த முறைகளெல்லாம் ஒன்றுகூடிப் பலன் தந்த இடம் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அயர்லாந்தின் மேற்குக் கரைப் பகுதி ஒன்றின் பெயரைத் தாங்கிய கொனமாரா கெயாஸ். நிலநடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வடக்கே, அகாவே, அஸ்டீரியஸ் என்ற இரண்டு நெடுங்கோடுகள் பெருக்கல் குறிபோல் வெட்டிக்கொள்கின்றன. அந்தக் குறிக்குச் சற்றுத் தெற்கே பனித்தரை நொறுங்கிக் கிடக்கிறது. ஒரு சில கிலோமீட்டர் முதல் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்வரை அகலமான பனிப் பாளங்கள், ஒழுங்கற்ற கரடுமுரடான தரையிலிருந்து நூறு மீட்டர்போல உயர்ந்து நிற்கின்றன. விளிம்புகள் செங்குத்து. ஒவ்வொரு பாளத்தின் முதுகிலும் பழைய முகடுகள் அப்படியே இருக்கின்றன.

அந்த முகடுகள்தான் சாட்சிகள். ஒரு பாளத்தின்மேல் ஓடும் முகடு விளிம்பில் அறுந்து நிற்கிறது. அதன் தொடர்ச்சி பக்கத்துப் பாளத்தில் சில கிலோமீட்டர் தள்ளி, சில டிகிரி திரும்பித் தொடங்குகிறது. பாளத்தைப் பின்னுக்கு நகர்த்தித் திருப்பினால் இரண்டும் பொருந்துகின்றன. 1998-இல் ஆய்வாளர்கள் இப்படி ஒவ்வொரு பாளத்தையும் பழைய இடத்துக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார்கள். பொருந்தியவை போக, பழைய தரையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு கணக்கில் வரவில்லை. அது நொறுங்கியோ உருகியோ அடித்தரையோடு கலந்துவிட்டது. பாளங்கள் நகர்ந்திருக்கின்றன, சுழன்றிருக்கின்றன, சாய்ந்திருக்கின்றன. எனவே ஒரு காலத்தில் அடியில் இளகிய ஏதோவொன்று இருந்திருக்க வேண்டும். அது கடல்நீரா, இளஞ்சூட்டில் குழைந்து மேலெழுந்த பனியா என்பதில்தான் சண்டை. ஓடு மெல்லியது என்போரும் தடித்தது என்போரும் இதே படங்களைத்தான் தங்கள் பக்கம் சாட்சிக்கு அழைத்தார்கள்.

கொனமாராவின்மேல் ஆங்காங்கே வெள்ளைத் தூவல் இருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே இருக்கும் ப்வில் என்ற பள்ளம் உண்டானபோது சிதறிய பனித்தூள் அது. தூளோடு வந்த பெரிய துண்டுகள் விழுந்து சிறு பள்ளங்களையும் கொத்துக்கொத்தாகத் தோண்டியிருக்கின்றன. எந்தத் தூள் எதன்மேல் கிடக்கிறது என்பதே வரைபவருக்குக் காலக் கணக்கு. முகடுகள் முதலில், தரை நொறுங்கியது பிறகு, ப்வில் அதற்கும் பிறகு. இதே வழக்கில் இன்னொரு எச்சரிக்கையும் கிடைத்தது. யூரோப்பாவின் சிறு பள்ளங்களில் பெரும்பாலானவை இப்படிச் சிதறலால் வந்த இரண்டாம் தலைமுறைப் பள்ளங்கள் என்று 2005-இல் காட்டப்பட்டது. சிறு பள்ளங்களை எண்ணி ஒரு தரையின் வயதைச் சொல்லும் வழக்கத்தை அது ஆட்டங்காண வைத்தது.

பாளங்களை நகர்த்திப் பார்த்த அதே வேலையைப் பெரிய அளவில் செய்தவர்கள் சைமன் காட்டன்ஹார்னும் லூயிஸ் ப்ராக்டரும். யூரோப்பாவில் பல இடங்களில் தரை பிளந்து விலகி, நடுவே புதுப் பனி நிரம்பிப் பட்டைகளாக நிற்கிறது. பட்டையை எடுத்துவிட்டு இரு கரைகளையும் ஒட்டினால் பழைய கோடுகள் இணையும். அப்படியென்றால் யூரோப்பாவின் தரைப்பரப்பு கூடிக்கொண்டே போகிறது. நிலவு பெருப்பதில்லையே, வேறெங்காவது தரை குறைய வேண்டுமே? ஏறத்தாழ 1,34,000 சதுர கிலோமீட்டர் பகுதியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பட்டையாக, ஒவ்வொரு பிளவாகக் காலத்தைப் பின்னோக்கி ஓட்டினார்கள். கடைசியில் சுமார் 20,000 சதுர கிலோமீட்டர் தரை காணவில்லை. ஒரு பனித்தட்டு இன்னொன்றின் அடியில் சரிந்து ஓட்டுக்குள் போய்விட்டது என்பது 2014-இல் அவர்கள் முன்வைத்த விளக்கம். பூமிக்கு வெளியே தட்டுகள் இப்படிச் செருகிக்கொள்வதற்குச் சொல்லப்பட்ட சான்றுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. கருவி எதுவும் அங்கே போய் அளக்கவில்லை. பழைய படங்களின் கோடுகளைப் பொறுமையாகப் பொருத்தியே கண்ட முடிவு.

கோடுகளில் சில நேராக ஓடுவதில்லை. வில்வில்லாக, அலையலையாகத் தொடர்கின்றன. வாயேஜர் படங்களிலேயே தெரிந்த இவற்றுக்கு இருபது ஆண்டுகள் யாரும் சரியான காரணம் சொல்லவில்லை. 1999-இல் அரிசோனா பல்கலைக்கழகக் குழு ஒன்று சொன்னது: யூரோப்பாவின் பாதை சரியான வட்டமல்ல என்பதால் வியாழனின் இழுப்பு 85 மணி நேரத்துக்கு ஒருமுறை கூடிக் குறைகிறது, இழுவிசையின் திசையும் அதற்குள் சுழல்கிறது. பனியில் விரிசல் ஒன்று மனிதன் மெதுவாக நடக்கும் வேகத்தில் முன்னேறினால், திசை திரும்பத் திரும்ப அதுவும் வளையும். இழுப்பு தளரும்போது நிற்கும். மறுசுற்றில் புதிய கோணத்தில் கிளம்பும். ஒரு வில், யூரோப்பாவின் ஒரு நாள். நூறு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு வளைவை வரைபடத்தில் விரலால் தொடரும்போது, அது மூன்றரை நாளில் கிழிந்த கிழிசல் என்று நினைத்தால் உடல் சிலிர்க்கிறது.

அதே குழு அதே ஆண்டில் செய்த இன்னொரு சோதனைக்குப் பகலும் இரவும் சந்திக்கும் கோடே கருவியானது. பனி ஓடு கடல்மேல் மிதக்கிறது என்றால் அது உள்ளிருக்கும் பாறையோடு ஒட்டாமல் சற்று வேகமாகச் சுழலலாம். அப்படியானால் 1979-இல் வாயேஜர் 2 பார்த்தபோது ஓரிடம் வியாழனுக்கு எந்தக் கோணத்தில் இருந்ததோ, கலிலியோ காலத்தில் அந்தக் கோணம் மாறியிருக்க வேண்டும். இரண்டு காலப் படங்களிலும் பகல்-இரவு எல்லையிலிருந்து அதே இடங்களின் தூரத்தை அளந்தார்கள். அளக்கக்கூடிய மாற்றம் இல்லை. ஓடு தனியே சுழன்றாலும், வியாழனைப் பொறுத்து ஒரு முழுச் சுற்றுக்கு 12,000 ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆகும் என்று முடிந்தது.

எல்லாச் சண்டையும் இப்படிச் சுமுகமாக முடிவதில்லை. யூரோப்பாவில் பத்துக் கிலோமீட்டர்போல அகலமான குழிகளும் கும்மட்டங்களும் கறும்பொட்டுகளும் நிறைய உண்டு. எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு என்று ஒரு தரப்பு சொன்னது. ஒரே அளவான அடுப்பில் குமிழிகள் ஒரே அளவாகவே எழும். ஆகவே தடித்த ஓட்டுக்குள் சூடான பனி மேலெழுகிறது என்பது அவர்கள் வாதம். மறுதரப்பு கேட்டது: படம் மங்கலாக இருக்கும் இடத்தில் சிறியவை தெரியாமல் போயிருக்குமே, பெரியவற்றை வேறு பெயரில் சேர்த்துவிட்டீர்களே, பிறகு எல்லாம் ஒரே அளவாகத் தெரிவதில் என்ன வியப்பு? அவர்கள் எண்ணிய கணக்கில், அளவு குறையக் குறைய எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. இரு தரப்பும் நேர்மையானவர்கள், ஒரே படங்களைப் பார்த்தவர்கள். எதை எண்ணுவது, எதை விடுவது என்ற முடிவு முன்னாலேயே எடுக்கப்பட்டுவிட்டால், எண்ணிக்கை பின்னால் அதையே திருப்பிச் சொல்லும். வாதத்தின் இந்தப் பகுதியில் என் மனம் இரண்டாம் தரப்பின் பக்கம் சாய்கிறது. ஓட்டின் தடிமன் வேறு சான்றுகளால் தீரவேண்டிய வழக்கு.

எரின் லெனார்ட், அலெக்ஸ் பாட்ஹாஃப், டேவிட் சென்ஸ்கே மூவரும் தயாரித்த யூரோப்பாவின் முதல் உலக நிலவியல் வரைபடம் 2024-இல் வெளிவந்தது. அளவு ஒன்றுக்கு ஒன்றரைக் கோடி; தாளில் ஒரு சென்டிமீட்டர் அங்கே 150 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டைச் சுற்றிவரும் 9,800 கிலோமீட்டர், ஏறத்தாழ 65 சென்டிமீட்டரில் அடங்கிவிடுகிறது. முகடுகள் பின்னிக்கிடக்கும் சமவெளி, பட்டைகள், நொறுங்கல் நிலங்கள், பள்ளங்கள், அவற்றின் சிதறல் என்று வண்ணங்கள் பிரிகின்றன. முகட்டுச் சமவெளி மிகப் பழையது. அதை வெட்டிப் பட்டைகள். அவற்றையும் அழித்து நொறுங்கல் நிலம். முதலில் முகடுகளாகவும் பட்டைகளாகவும் இயங்கிய ஓடு, பிற்காலத்தில் நொறுங்குவதை அதிகம் செய்திருக்கிறது என்பது இந்த வரிசையின் பொருள். ஓடு காலப்போக்கில் தடித்துக்கொண்டே வந்ததா என்ற கேள்வியும் அதிலிருந்து கிளைக்கிறது. நுணுக்கமான படம் இருக்கும் இடத்தில் நொறுங்கல் நிலத்தைப் பல வகையாகப் பிரிக்க முடிகிறது. மங்கலான இடத்தில் ‘திட்டுத்திட்டான நிலம்’ என்பதற்கு மேல் சொல்ல முடிவதில்லை. வண்ண எல்லைகளை உற்றுப் பார்த்தால் சில இடங்களில் அவை கலிலியோவின் படச் சட்டங்களை ஒட்டியே திரும்புவது தெரியும்.

இந்த நிலை மாறப்போகிறது. 2024 அக்டோபர் 14-இல் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் 2030 ஏப்ரலில் வியாழனை அடையும். யூரோப்பாவைச் சுற்றி வட்டமிட்டால் வியாழனின் கதிர்வீச்சு மின்னணுக் கருவிகளை விரைவில் தின்றுவிடும் என்பதால், அது வியாழனை நீள்வட்டத்தில் சுற்றி, 49 முறை யூரோப்பாவை நெருங்கிப் பறந்து விலகும். சில தடவை 25 கிலோமீட்டர் உயரம்வரை. அதன் கேமராக்கள் யூரோப்பாவின் 90 விழுக்காட்டுப் பரப்பைப் பிக்சலுக்கு 100 மீட்டருக்குள் படமெடுக்கத் திட்டம். ஒரே பறப்பில் முன்னும் பின்னுமாகப் பார்த்து ஆழம் காணும் இணைகளும் கிடைக்கும். ஐரோப்பாவின் ஜூஸ் கலமும் 2031-இல் வியாழனை அடைந்தபின் இருமுறை யூரோப்பாவைக் கடக்கும்.

கிளிப்பர் 50 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும்போது அதன் குறுங்கோணக் கேமராவின் ஒரு பிக்சல் அரை மீட்டர். இன்றுள்ள மிக நல்ல படத்தில் 6 மீட்டர். இந்த இடைவெளிக்குள் மாட்டிக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்று உண்டு. பூமியில் ஆண்டிஸ் மலையின் வறண்ட உயரங்களில் வெயில் பனியை நேரே ஆவியாக்கி, கத்தி முனைகள்போல் வரிசை வரிசையாகச் செதுக்கிவிடுகிறது. யூரோப்பாவின் நிலநடுக்கோட்டருகே இதே வேலை நடந்து, ஏறத்தாழ 15 மீட்டர் உயரமான பனிக் கத்திகள் ஏழெட்டு மீட்டர் இடைவெளியில் நிற்கக்கூடும் என்று 2018-இல் ஒரு கணிப்பு வந்தது. கணக்கு செல்லாது என்று மறுத்தவர்களும் உண்டு. எதிர்காலத்தில் இறங்குகலம் ஒன்றை அனுப்ப நினைப்பவர்களுக்கு இது வாழ்வா சாவா என்ற கேள்வி. 6 மீட்டர் பிக்சலில் அந்தக் கத்திகள் இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது. அரை மீட்டர் பிக்சலில், சூரியன் தாழ்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து எடுத்தால், ஒவ்வொரு கத்தியின் நிழலும் பல பிக்சல் நீளத்துக்கு விழும்.